மூடியில் இருக்கிற எண்ணை நம்பலாமா? ஒரு பழைய ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து வாசிப்பது பற்றி

"இதில எவ்வளவு மெமரி இருக்கு?"

ஃபோன் வாங்கப் போனாலும் லாப்டொப் வாங்கப் போனாலும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்விகளில் இது ஒன்று. பதில் எங்கேயிருந்து வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருந்து. இல்லையென்றால் கடைக்காரரின் வாயில் இருந்து. கொஞ்சம் விசயம் தெரிந்தவர்கள் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்ப்பார்கள். அங்கே தெரிகிற எண்ணும் அந்தச் சாமான் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற எண்தான். ஸ்டிக்கர் சொல்கிறது, கடைக்காரர் சொல்கிறார், செட்டிங்ஸ் சொல்கிறது. நாங்கள் தலையாட்டிவிட்டுக் காசைக் குடுத்துவிட்டு வருகிறோம். ஒருத்தரும் சோதிச்சுப் பார்க்கிறதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது சின்ன விசயம். ஒரு கருவியின் கொள்ளளவு என்பது அதன் மூடியில் எழுதியிருக்கிற எண்ணில் இல்லை. அதில் எவ்வளவை எழுதி, எழுதியது மாறாமல் திரும்ப வாசிக்க முடிகிறதோ, அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. இதைக் கையால் தொட்டுப் பழகுவதற்கு 40 வருசம் தாண்டிய ஒரு வீட்டுக் கணனி மிகவும் நல்ல வாத்தியார். அப்படி ஒன்றை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். பிறகு எங்கள் கையில் இருக்கிற ஃபோனுக்கு வருவோம்.

ஒரே பெட்டி, இரண்டு கணனி

நான் எடுத்துக்கொள்கிற கணனி இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் பிரித்தானியாவில் சின்க்ளேர் ரிசேர்ச் நிறுவனம் இதை வெளியிட்டது. ஒரு கொப்பியை விடக் கொஞ்சம் சிறிய கறுப்புப் பெட்டி, அதன் மேல் 40 ரப்பர் விசைகள். மொனிட்டர் கிடையாது, வீட்டு ரீவியில் செருகவேண்டும். புரோகிராம்களைச் சேமிக்கக் கசற் ரெக்கோர்டர். அந்த நாட்டில் ஒரு தலைமுறைப் பெடியளும் பெட்டையளும் கணனி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது இந்தப் பெட்டியில்தான். 80களில் லண்டனுக்குப் போன எங்கள் ஆக்களின் வீட்டுப் பரண்களிலும் ஒன்றிரண்டு கிடக்கக்கூடும்.

அப்போது இது இரண்டு வகையாக விற்பனைக்கு வந்தது. 16கே என்றால் 125 பவுண். 48கே என்றால் 175 பவுண். அதாவது 32 கிலோபைட் நினைவகத்துக்கு 50 பவுண் கூட. இன்றைக்கு வட்ஸ்அப்பில் வருகிற ஒரு சாதாரணப் படத்தைக்கூட 32 கிலோபைட்டுக்குள் அடக்குவது கஷ்டம். ஆனால் அந்த 32 கிலோபைட்தான் ஒரு கேம் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானித்தது.

16கே கணனியில் 16 கிலோபைட்டும் உங்களுக்குக் கிடைக்காது. 16 கிலோபைட் என்றால் 16,384 பைட். அதில் 6,912 பைட் திரையில் தெரிகிற படத்துக்கே போய்விடும். மிச்சத்தில் கணனியும் தன் சொந்தக் கணக்குவழக்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் நீங்கள் புரோகிராம் எழுத மிஞ்சுவது 9 கிலோபைட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆக, முதலாவது பாடம் இங்கேயே வந்துவிடுகிறது: இருக்கிற அளவு வேறு, உங்களுக்குக் கிடைக்கிற அளவு வேறு. புது ஃபோன் வாங்கிய அன்றைக்கே ஸ்டோரேஜில் ஒரு பெரிய துண்டு காணாமல் போயிருப்பதைப் பார்த்து "எங்கயடா போச்சு?" என்று கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், 16கே, 48கே இரண்டுக்கும் வெளிப்பெட்டி ஒன்றுதான். அதே கறுப்பு, அதே ரப்பர், மூலையில் அதே வானவில் கோடு. மேலே இருந்து பார்த்து வித்தியாசம் சொல்லமுடியாது. 48கே என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கலாம். ஆனால் அட்டைப்பெட்டி 40 வருசமாக அதே கணனியோடுதான் இருந்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அதைவிட, 16கே வாங்கினவர்கள் பிறகு காசு சேர்த்து உள்ளே மெமரியைக் கூட்டிக்கொள்ளலாம். நிறையப் பேர் அப்படிச் செய்தார்கள். 1984 இல் ஸ்பெக்ட்ரம்+ என்று கடினமான பிளாஸ்ரிக் விசைகளோடு புது உடம்பு ஒன்று வந்தது. பழைய போர்ட்டைக் கழற்றி அந்தப் புது உடம்புக்குள் போடுவதற்கு ஒரு கிட் கூட விற்றார்கள். ஆகவே புதுப் பெட்டிக்குள் பழைய கணனி இருக்கலாம், 16கே அட்டைப்பெட்டியில் 48கே இருக்கலாம், இரண்டு மூன்று உடைந்த கணனிகளைச் சேர்த்து ஒன்றாக்கியதாகவும் இருக்கலாம். சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லேலாது.

திறந்தால் என்ன தெரியும்?

அடியில் இருக்கிற ஸ்குரூக்களைக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். ஆனால் சடாரென்று இழுக்கவேண்டாம். விசைப்பலகையில் இருந்து இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் நாடாக்கள் போர்ட்டில் செருகியிருக்கும். ஒன்றில் எட்டு வழி, மற்றதில் ஐந்து வழி. எட்டை ஐந்தால் பெருக்கினால் 40, அவ்வளவு விசைகளும் அந்த 13 கோடுகளில்தான் ஓடுகின்றன. வயதாகிப்போன நாடா பப்படம் மாதிரி முறியும். மெதுவாக எடுக்கவேண்டும்.

உள்ளே பார்க்கிறபோது பலருக்கு வருகிற முதல் வியப்பு, இவ்வளவுதானா என்பது. பெரிய சிப்கள் மூன்று. ஒன்று இசட்80ஏ, இதுதான் மூளை. ஒரு விநாடிக்கு 35 இலட்சம் துடிப்பு. இரண்டாவது ரோம். 16 கிலோபைட் அளவான இதில்தான் கணனியின் பேசிக் மொழி நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது யூஎல்ஏ. ஃபெரான்ரி என்ற நிறுவனம் சின்க்ளேருக்காகவே செய்து குடுத்த சிப் இது. திரையில் படம் காட்டுவது, விசைப்பலகையை வாசிப்பது, கசற்றோடு கதைப்பது, பீப் சத்தம் போடுவது எல்லாம் இதன் வேலை.

பிறகு போர்ட்டில் அச்சடித்திருக்கிற எழுத்தைத் தேடுங்கள். "இஷூ" என்ற ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். அதுதான் அந்தப் போர்ட் எத்தனையாவது வடிவம் என்று சொல்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி ஆறு வரைக்கும் போகிறது. ஒவ்வொரு வடிவத்திலும் முதல் வடிவத்தின் பிழை ஒன்றைச் சரிசெய்திருப்பார்கள். சரிசெய்த விதம்தான் அழகு. முதலாவது வடிவத்தில் யூஎல்ஏக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிப் தலைகீழாக, கால்கள் மேலே பார்க்கக் கிடக்கும். செத்த கரப்பான் பூச்சி என்று அதற்குப் பட்டப்பெயர். இரண்டாவது வடிவத்தில் இசட்80 மேல் ஒரு ரான்சிஸ்ரர் கால்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் சிலந்தி. இதைத் தெரியாதவர்கள் "ஆரோ பிறகு ஒட்டுப்போட்டிருக்கினம்" என்று நினைத்துக் கழற்றிவிடப் பார்ப்பார்கள். தொழிற்சாலையே போட்ட ஒட்டு அது.

சிப்களின் முதுகில் இருக்கிற எண்களை வாசிக்கவும் பழகவேண்டும். பொதுவாக இரண்டு வகை எண் இருக்கும். ஒன்று சிப்பின் பெயர். மற்றது அது செய்யப்பட்ட காலம். 8307 என்று இருந்தால் 1983ஆம் ஆண்டின் ஏழாவது கிழமை. போர்ட்டில் இருக்கிற எல்லாத் திகதிகளையும் ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். எல்லாம் 1983இன் முதல் சில மாதங்களாக இருந்து ஒன்று மட்டும் 1986 என்று இருந்தால், அந்தச் சிப்பைப் பிறகு ஆரோ மாற்றியிருக்கிறார்கள். கணனியின் மருத்துவக் கொப்பி அது. ஒரு எழுத்துக்கூட ஆரும் எழுதிவைக்காமலேயே அதன் வரலாற்றில் பாதி அங்கே இருக்கிறது.

இரண்டு வரிசை, ஒரே முகம்

இனி மெமரிக்கு வருவோம். கீழ் 16 கிலோபைட்டுக்கு எட்டுச் சிப்கள் வரிசையாக இருக்கும். 4116 வகை. ஒரு சிப்பில் 16,384 இடங்கள், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு பிட் மட்டும். எட்டுப் பேரும் தலைக்கு ஒரு பிட் குடுத்தால்தான் ஒரு பைட் ஆகும். இதனால் ஒரு சிப் பழுதானால் நினைவகத்தின் ஒரு மூலை மட்டும் போகாது, ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் போய்விடும். திரையில் காட்டுகிற படமும் இந்த நினைவகத்தில் இருந்துதான் வருகிறது என்பதால், திரை முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தெரியும். கோட்டின் இடத்தை வைத்து எந்தச் சிப் பழுது என்று சொல்லிவிடலாம். வருத்தக்காரனின் நாக்கைப் பார்த்து வருத்தத்தைச் சொல்கிற பரியாரியார் வேலை மாதிரித்தான்.

மேல் 32 கிலோபைட்டுக்கு இன்னொரு எட்டுச் சிப். இரண்டாவது வடிவத்தில் இருந்து இதற்கான இடம் போர்ட்டிலேயே இருக்கிறது. அந்த இடம் வெறுமையாக இருந்தால் உங்களிடம் இருப்பது 16கே. நிறைந்திருந்தால் 48கே என்று சொல்லலாம், ஆனால் அவசரப்படாதீர்கள்.

இந்த இரண்டு வரிசையும் பார்வைக்கு ஒரே மாதிரி. இரண்டுக்கும் 16 கால்கள், ஒரே அளவு. ஆனால் கீழ் வரிசைக்கு மூன்று வகை மின்னழுத்தம் தேவை: 5 வோல்ற், 12 வோல்ற், அதோடு கழித்தல் 5 வோல்ற். மேல் வரிசைக்கு 5 வோல்ற் மட்டும் போதும். மேலே இருக்கிற சிப்பைக் கீழே போட்டால், 5 வோல்ற் வரவேண்டிய காலில் 12 வோல்ற் வரும். சிப் அந்த நிமிசமே செத்துப்போகும். முகத்தைப் பார்த்தால் போதாது, முதுகில் இருக்கிற எண்ணை வாசிக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேல் வரிசையின் எண்ணை வாசித்தால் இன்னொரு கதை வெளியே வருகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்த 4532 அல்லது ஓகேஐ செய்த 3732 என்று இருக்கும். 32 கிலோபிட் சிப்கள். ஆனால் 32 கிலோபிட் என்று ஒரு சிப்பை ஆரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இவை 64 கிலோபிட் சிப்பாகப் பிறந்தவை. சோதனையில் ஒரு பாதி பழுது என்று கண்டுபிடிக்கப்பட்டதால், நல்ல பாதியை மட்டும் கணக்கில் எடுத்து மலிவாக விற்றார்கள். எந்தப் பாதி நல்லது என்பதும் சிப்பின் முதுகிலேயே இருக்கிறது. டெக்ஸாஸ் சிப்பில் எண்ணின் கடைசியில் 3 அல்லது 4 என்று வரும். எட்டுச் சிப்பும் ஒரே வகையாக இருக்கவேண்டும். எந்தப் பாதியைப் பாவிக்கிறது என்பதைப் போர்ட்டில் ஒரு சின்ன வயர் இணைப்பு தீர்மானிக்கிறது.

இதைக் கேட்டவுடன் சிலருக்குக் கோபம் வரும். "பழுதான சாமானையே சனத்தின்ர தலையில கட்டினவங்கள்?" என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. 48 என்று சொன்னார்கள், 48 கிடைத்தது. பழுதான பாதியை அவர்கள் உங்களுக்கு விற்கவில்லை. எது நல்லது என்று சோதித்து, அதை எண்ணாக எழுதி, அதற்கேற்ப இணைப்பையும் மாற்றி, விலையையும் குறைத்தார்கள். அரைவாசி அழுகின மாம்பழத்தை வெட்டி நல்ல துண்டை மட்டும் மலிவாக விற்கிறவர் கள்ளன் இல்லை. அழுகின பக்கத்தை அடியில் மறைத்து முழுப் பழத்தின் விலை கேட்கிறவர்தான் கள்ளன். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்திருங்கள்.

கணனியிடமே கேட்டால்?

சரி, சிப் இருக்கிறது, எண்ணும் சரி. அது வேலை செய்கிறதா? இங்கேதான் ஸ்பெக்ட்ரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் இருக்கிறது.

ஸ்பெக்ட்ரத்துக்கு மின்சாரம் குடுத்தவுடன் திரை ஒரு கணம் கறுப்பாகிப் பிறகு வெள்ளையாகும். கீழே 1982 சின்க்ளேர் ரிசேர்ச் என்று ஒரு வரி வரும். அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? கணனி தன் நினைவகத்தை எண்ணிப் பார்க்கிறது. தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அது ஆரிடமும் கேட்பதில்லை, எங்கேயும் எழுதி வைத்திருப்பதும் இல்லை. உச்சியில் இருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் 2 என்ற எண்ணை எழுதுகிறது. பிறகு கீழே இருந்து மேலே ஏறிக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் ஒன்றைக் கழிக்கிறது. பூச்சியம் வரக்கூடாது. இன்னொன்றைக் கழிக்கிறது. இப்போது பூச்சியம் வரவேண்டும். எந்த இடத்தில் இந்தக் கணக்குப் பிழைக்கிறதோ அங்கே நின்று, அதற்கு முந்தைய இடம்தான் தன் எல்லை என்று குறித்துக்கொள்கிறது.

அந்தக் குறிப்பை நீங்கள் வாசிக்கலாம். 23732, 23733 என்ற இரண்டு முகவரிகளில் அது இருக்கிறது. பீக் என்ற பேசிக் கட்டளையால் இரண்டையும் வாசித்து, இரண்டாவதை 256ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டவேண்டும். 65535 என்று வந்தால் 48கே முழுதாக இருக்கிறது. 32767 என்று வந்தால் 16கே. ஓஎல் ஐசிடி படித்தவர்களுக்கு இந்த எண்கள் எங்கேயிருந்து வருகின்றன என்று உடனே தெரியும்: ரோமுக்கு 16, ரேமுக்கு 48, மொத்தம் 64 கிலோபைட், அதாவது 65,536 இடங்கள். பூச்சியத்தில் இருந்து எண்ணினால் கடைசி முகவரி 65535. சோதினைக்காகப் பாடமாக்கின இரண்டின் அடுக்குகள் இங்கே ஒரு உண்மையான பெட்டிக்குள் உயிரோடு இருக்கின்றன.

மேல் வரிசையில் ஒரு சிப் செத்துப்போன 48கே கணனியைப் போட்டால் என்ன நடக்கலாம்? திரை வழமைபோல வரும். அதே வரி, அதே வெள்ளை. ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் மேல் வரிசையின் தொடக்கத்திலேயே கணக்குப் பிழைத்திருந்தால் அந்தக் குறிப்பில் 32767 என்றுதான் இருக்கும். 48கே என்று மூடியில் எழுதிய கணனி, சத்தமில்லாமல் 16கே ஆகியிருக்கும். கேட்டால் சொல்லும். கேட்காவிட்டால் சொல்லாது.

இந்தச் சோதனைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2, 1, 0 ஆகிய மூன்று எண்களை மட்டும் எழுதிப் பார்த்தால், ஒரு பைட்டின் எட்டுப் பிட்களில் கடைசி இரண்டு மட்டும்தான் மாறுகின்றன. மிச்ச ஆறும் எப்போதும் பூச்சியம்தான். அதில் ஒன்று பூச்சியத்திலேயே இறுகிப்போயிருந்தால் இந்தச் சோதனைக்கு அது பிடிபடாது. கணனி "எல்லாம் நல்லம்" என்று சொல்லும், கேம் போட்டால் நடுவில் விழும். அப்போது நாங்கள்தான் 255 என்று எழுதி வாசித்துப் பார்க்கவேண்டும். 255 என்றால் எட்டுப் பிட்டும் ஒன்று. ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஒவ்வொரு இடமாகப் பார்க்கலாம், கொஞ்ச நேரம் பிடிக்கும். கருவி தன்னைத் தானே சோதித்தாலும் அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்று கேட்கிற வேலை எங்களுடையது.

இப்போது எங்கள் ஃபோன்

40 வருசம் பழைய பெட்டியைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் கதைத்தேன் என்றால், எங்கள் கையில் இருக்கிற சாமான்களில் இதே கேள்வி இன்றைக்கும் இருக்கிறது, பதில் தேடுகிற வழிதான் அடைபட்டுப்போயிருக்கிறது.

பென் ட்ரைவையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவாக 512 ஜிபி என்று விற்கிறார்கள். கணனியில் செருகினால் அதுவும் 512 என்றுதான் காட்டும். உள்ளே உண்மையில் 16 ஜிபி சிப்தான் இருக்கும். உள்ளே இருக்கிற கட்டுப்படுத்திக்குப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். கணனி கேட்கிறது, அது சொல்கிறது, கணனி நம்புகிறது. நீங்கள் படங்களை ஏற்றிக்கொண்டு போவீர்கள், 16 தாண்டியதும் புதிதாக ஏற்றுவது எங்கேயும் போய்ச் சேராது, அல்லது பழையதின் மேல் எழுதப்படும். கோப்புப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அக்காவின் கலியாணப் படத்தைத் திறக்கப் போகும் அன்றைக்குத்தான் தெரியவரும். அழுகின பாதியை மறைத்து முழு விலை கேட்கிற வியாபாரம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கிற வழி 1982இல் ஸ்பெக்ட்ரம் செய்ததேதான்: முழுக்க எழுது, முழுக்கத் திரும்ப வாசி, ஒப்பிட்டுப் பார். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இதற்கென்றே இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. பென் ட்ரைவ் வாங்கினவுடன், ஒரு படமும் ஏற்றுவதற்கு முதல், இதை ஒருக்கால் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஃபோனில் இன்னொரு விளையாட்டு. "8+8 ஜிபி" என்று ஸ்டிக்கரில் போட்டு 16 ஜிபி ரேம் மாதிரிக் காட்டுகிறார்கள். முதல் எட்டுத்தான் ரேம். இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கின துண்டு. அது ரேமை விட எவ்வளவோ மெதுவானது. பொய் என்று சொல்லமுடியாது, சின்ன எழுத்தில் எங்கேயாவது எழுதியிருப்பார்கள். ஆனால் கூட்டல் குறியைப் பார்த்தவுடன் கூட்டிப்பார்ப்பது மனிசரின் சுபாவம், அதை நம்பித்தான் அந்தக் கூட்டல் குறி அங்கே இருக்கிறது.

திறந்து பார்க்கலாம் என்றால், பல ஃபோன்களில் ரேம் சிப் புரொசெசரின் மேலேயே ஒட்டிப் பற்றுவைத்திருக்கும். பின்மூடியைப் பசை போட்டு மூடியிருப்பார்கள். சுற்றுப்படம் வெளியில் கிடைக்காது. ஸ்பெக்ட்ரத்தோடு வந்த கையேட்டில் நினைவகத்தில் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று அட்டவணையே போட்டிருந்தார்கள். அதை வாங்கின 12 வயதுப் பிள்ளைக்கும் அந்த அட்டவணை கிடைத்தது. இன்றைக்கு இலட்சக்கணக்கில் குடுத்து வாங்குகிற ஃபோனோடு வருவது, சிம் தட்டைத் திறக்கிற ஊசியும் பாதுகாப்பு எச்சரிக்கைத் துண்டும்.

பழைய காலம் முழுக்கப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் யூஎல்ஏ அன்றைக்கும் ஒரு பூட்டின பெட்டிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று சின்க்ளேர் சொல்லவில்லை. கிறிஸ் ஸ்மித் என்பவர் அந்தச் சிப்பின் உட்பகுதியையே ஆராய்ந்து 2010இல் ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் அதன் முழு வடிவமைப்பும் வெளியே வந்தது. ஆனால் ஒரு பெட்டி பூட்டியிருந்தாலும் மிச்சம் எல்லாம் திறந்திருந்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ்.

எங்களுக்கு ஏன் இது?

"எமியுலேட்டர் இருக்கே, ஸ்பெக்ட்ரம் கேமை ஃபோனிலேயே விளையாடலாமே, பிறகேன் அந்தப் பழைய இரும்பு?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கேம் விளையாடத்தான் ஆசை என்றால் எமியுலேட்டர் போதும். ஆனால் எமியுலேட்டரில் மெமரி சிப் ஒருநாளும் சாகாது. 65535 என்றுதான் எப்போதும் வரும். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் இடைவெளி விழக்கூடும் என்பதை அது கற்றுத்தராது.

இன்னொரு பக்கம், பழைய சாமான் சேர்க்கிறவர்களில் ஒரு பகுதியினர் "திறக்கவே கூடாது, சீல் உடைந்தால் மதிப்புப் போச்சு" என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அலுமாரியில் வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வது கஷ்டம். போர்ட்டைப் படம் எடுத்து, வடிவ எண்ணையும் சிப் எண்களையும் திகதிகளையும் எழுதி ஒரு கடதாசியை மூடிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கிற ஆளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

எங்கள் ஊருக்கு இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறிக்குத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள் எங்கள் அப்பா அம்மாமார். றேடியோவுக்கு எத்தனை வோல்ற் வேண்டும், டைனமோ எத்தனை தரும், இடையில் என்ன போடவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கஷ்டம் கற்றுக்கொடுத்த படிப்பு அது, அந்தக் கஷ்டம் திரும்ப வரவேண்டாம். ஆனால் அந்தப் படிப்பு எங்கள் கையை விட்டுப் போகவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 அளவுக்குப் போன பிறகு, புது ஃபோன் வாங்குகிறது பல வீடுகளில் பெரிய தீர்மானமாகிவிட்டது. பாவிச்ச ஃபோன், திருத்தின லாப்டொப் என்று வாங்குகிறோம். ஸ்டிக்கரை மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்தான் அந்தச் சந்தையில் முதலில் ஏமாறுவார். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. வாங்கின சாமானைத் திருத்த உற்பத்தியாளர் உதவவேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் நாட்டிலும் அப்படி ஒன்றைக் கேட்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் கேட்கிறதுக்கு முதல், உள்ளே பார்க்க எங்களுக்கு ஆசை இருக்கவேண்டும். பார்க்க ஆசையில்லாத சனத்துக்கு ஆரும் கதவு திறந்து வைக்கமாட்டினம்.

ஐசிடி பாடம் நடத்துகிற பாடசாலைகளுக்கும் ஒரு விண்ணப்பம். மூலையில் கிடக்கிற பழுதான கணனி ஒன்றை மேசையில் வைத்து, பிள்ளைகளின் கையில் ஸ்குரூ ட்ரைவரைக் குடுங்கள். ஸ்பெக்ட்ரம்தான் வேண்டும் என்றில்லை, பழைய டெஸ்க்டொப் போதும். ரேம் எது, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஆண்டு செய்தது என்று அவர்களே எழுதட்டும். பிறகு அதைப் போட்டு, அது என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நினைவகத்துக்கு வரைவிலக்கணம் எழுதுகிற நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

கடைசியாக, ஆருக்காவது பரணில் இருந்து ஒரு ஸ்பெக்ட்ரம் உண்மையாகவே கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. கையில் கிடைக்கிற அடப்டரைச் செருகிப் பார்க்காதீர்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ற் வேண்டும், அதோடு அதன் செருகியில் நடுப்பகுதிதான் எதிர்முனை. இப்போதைய அடப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி நேர்முனை. மாறிக் குடுத்தால் பழுதாகும். உள்ளே மின்னழுத்தத்தை மாற்றுகிற பகுதி பழுதாகி அந்தக் கழித்தல் 5 வோல்ற் இல்லாமல் போனால், 4116 சிப்கள் ஒன்றொன்றாகச் சாகும். முதலில் திறவுங்கள், வாசியுங்கள், எழுதி வையுங்கள். மல்டிமீற்றர் பிடிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மின்சாரம் குடுக்கலாம்.

திரை வெள்ளையானதும் கேம் போட ஓடாதீர்கள். 23732, 23733 இரண்டையும் வாசித்து, அது என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள்.